கடற்கரையில் வரிசையாக வண்ணப் பெட்டிகள்

இந்தப் பகுதியில் சகோதரிகள் பலர் தாங்கள் போய் வந்த ஊர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். கோயில், அணைக்கட்டு, மலை என்றுதான் அதிகம் வருகிறது. நான் எழுதப் போவது மரப் பெட்டிகளைப் பற்றி. அதுவும் கடலில் குளிப்பவர்கள் துணி மாற்றுவதற்காகக் கட்டின பெட்டிகள். சிரிக்காதீர்கள்! இதைப் போட்டோ எடுக்கவென்றே எந்தெந்த நாட்டிலிருந்தோ பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். நானும் இரண்டு தடவை போய் எடுத்து வந்தேன்.

நான் கரூர்க்காரி. பத்தாவது வரை படித்தவள். என் தங்கை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். அம்மா போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அம்மாவோ கோயமுத்தூருக்கே தனியாக பஸ் ஏறமாட்டார். ஆகவே துணைக்கு நான். "ரெண்டு புள்ளைகளையும் நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா கண்ணு" என்று என் மாமியார் சொன்னதால்தான் இது நடந்தது. (மாமியார் என்றாலே குறை எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் படியுங்கள்.) டிசம்பர் கடைசியில் போய் பிப்ரவரி முதல் வாரம் திரும்பினோம். நமக்குப் பனி கொட்டுகிற மார்கழி, தை மாதம் அங்கே நல்ல கோடைக்காலம்.

மெல்போர்ன் நகரத்துக்குத் தெற்கே பிரைட்டன் என்று ஒரு பகுதி. 1841-ல் ஹென்றி டெண்டி என்கிற வெள்ளைக்காரர் ஏக்கர் ஒரு பவுன் வீதம் 5120 ஏக்கரை ஒரேயடியாக வாங்கிப் போட்ட இடமாம். அவர் பெயரில் உள்ள டெண்டி தெரு முடிகிற இடத்தில்தான் இந்தக் கடற்கரை. மணலில் எண்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள் ஒன்றை ஒட்டி ஒன்றாக நிற்கின்றன. பெட்டி என்றதும் டிரங்குப் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டு சாமி அறையைப் போல ஒன்றரைப் பங்கு இருக்கும். பலகைச் சுவர், கூம்பாகத் தகரக் கூரை, முன்னால் இரண்டு கதவு, ஏறுவதற்கு இரண்டு மூன்று மரப்படி. எல்லாம் ஒரே மாதிரி உருவம். ஆனால் எந்த இரண்டும் ஒரே வர்ணம் கிடையாது. ஒன்று எலுமிச்சை மஞ்சள், பக்கத்தில் கத்தரிப்பூ, அதற்கடுத்து சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக. ஒரு பெட்டி முழுக்க ஆஸ்திரேலியாவின் கொடியையே வரைந்து வைத்திருக்கிறார்கள். கரூரில் பெட்ஷீட் கம்பெனிகளில் வர்ண மாதிரிக்குத் துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டிய அட்டை ஒன்று வைத்திருப்பார்கள். அதை யாரோ எடுத்து கடற்கரையில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

முதல் தடவை தங்கை வீட்டுக்காரர் காரில் கூட்டிப் போனார். அவருக்கு மதியம் வேலை இருந்ததால் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டோம். கடல் என்னவோ தகதகவென்று இருந்தது. பெட்டிகளின் முகம் மட்டும் எல்லாம் நிழல். காரணம் அப்புறம்தான் புரிந்தது. அந்தக் கடற்கரை மேற்கே பார்த்தது. நம் மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். இங்கே கடலில் போய் இறங்கும். காலை வெயில் பெட்டிகளின் முதுகில்தான் அடிக்கிறது. படம் எடுத்தால் வானம் வெளுத்து, பெட்டி கறுத்து, அந்த வர்ணமெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. "மத்தியானத்துக்கு மேல வந்தாத்தான் அண்ணி நல்லா வரும்" என்றார் அவர். அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டு வைத்தேன், இன்னொரு தடவை வர வேண்டும் என்று.

அம்மா அன்றைக்குப் பெட்டிகளை ஒன்றிரண்டு தடவை சுற்றி வந்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுல என்ன விக்கறாங்க?" என்று கேட்டார். திருவிழாக் கடை என்று நினைத்திருக்கிறார். விற்கிற கடை இல்லை, குளிக்க வருகிறவர்கள் துணி மாற்றுகிற அறை என்று சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். "துணி மாத்தறதுக்கா? இத்தனை அழகாவா?"

அம்மா ஏன் அப்படி நின்றார் என்பது எனக்குத் தெரியும். நான் நாலாவது படிக்கும்போது குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனோம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, ஈரச்சேலையோடு கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி வெளியே வந்தபோது எல்லோருக்கும் பல் கிட்டித்தது. துணி மாற்ற இடமில்லை. பெரியம்மா ஒரு முனை, அத்தை ஒரு முனை, நான் ஒரு முனை என்று ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டோம். நடுவில் அம்மா, பாவாடையைப் பல்லில் கடித்துக்கொண்டு. கடற்காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் திரும்பிப் பார்க்கிறான். "சீக்கிரம், சீக்கிரம்" என்று பெரியம்மா கத்த, அம்மா பாதி ஈரத்திலேயே சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ஊர் திரும்பும்வரை யாரிடமும் பேசவில்லை. இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் அப்படி நடுவில் நின்றிருப்பீர்கள்!

இந்தப் பெட்டிகளும் அந்த மாதிரி ஒரு வெட்கத்தில் பிறந்தவைதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்கள் கடலில் குளிக்க வேண்டுமென்றால் சக்கரம் வைத்த ஒரு மர வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். குதிரை அந்த வண்டியைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். உள்ளேயே உடை மாற்றிக்கொண்டு, கடல் பக்கத்துக் கதவைத் திறந்து, யார் கண்ணிலும் படாமல் தண்ணீரில் இறங்க வேண்டும். போட்டிருக்கிற கவுன் மிதந்து மேலே வந்துவிடக் கூடாதென்று ஓரத்தில் கனத்துக்கு ஈயம் வைத்துத் தைத்துக்கொள்வார்கள். விக்டோரியா மகாராணியே 1847 ஜூலையில் அப்படி ஒரு வண்டியில் போய்த்தான் முதன்முதலாகக் கடலில் குளித்தாராம். மெல்போர்ன் இருக்கிற மாநிலத்துக்கே அந்த அம்மாள் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பெயரோடு பழக்கமும் கப்பலேறி வந்துவிட்டது போலும்.

பிரைட்டனில் 1862-லேயே இப்படிப்பட்ட பெட்டிகள் இருந்திருக்கின்றன. இப்போது நாம் பார்க்கிற வரிசை, 1930-களில் பெட்டிகளை இந்த இடத்துக்கு நகர்த்தி அமைத்தது. காலம் மாறி, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கடற்கரையிலேயே உடை மாற்றுகிற நாள் வந்த பிறகும் பெட்டிகளை இடிக்கவில்லை. வர்ணம் பூசிப் பாதுகாக்கிறார்கள். கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, ராத்திரி தங்கவும் கூடாது. அந்த நகராட்சி எல்லைக்குள் குடியிருப்பவர்கள்தான் வைத்திருக்கலாம். வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். உருவத்தை மாற்றக் கூடாது, வர்ணம் மட்டும் அவரவர் இஷ்டம். இவ்வளவு கண்டிப்பு இருந்தும் ஒரு பெட்டி 3 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிருக்கிறது. நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல்! தங்கை வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது அம்மா, "பூட்டித்தானே கெடக்குது எல்லாம்" என்றார். நிஜம்தான். நாங்கள் பார்த்த அன்று ஒரே ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை.

இரண்டாவது தடவை போனதற்குக் காரணம் போட்டோ மட்டும் இல்லை. 2026 ஜனவரி 18 தை அமாவாசை. ஞாயிற்றுக்கிழமையும்கூட. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அம்மா கொடுமுடி போய் காவிரியில் முங்கி வருவார். முன்தினம் ராத்திரியே, "இங்க ஆறு ஏதாச்சும் இருக்குதா?" என்று ஆரம்பித்தார். ஆறெல்லாம் வேண்டாம், அந்தப் பெட்டி வரிசைக் கடலுக்கே போகலாம் என்றேன். ஞாயிறு என்பதால் குழந்தையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ரயிலில் போவதென்று முடிவாயிற்று. தங்கைக்கு உள்ளூர பயம்தான். "வழி தப்பிட்டா என்னக்கா பண்ணுவே?" என்று நாலு தடவை கேட்டாள். ஸ்டேஷன் பெயர்களை எல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு ரயில் மாறி, சாண்ட்ரிங்ஹாம் போகிற ரயிலில் ஏறி, பிரைட்டன் பீச் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் கால் மணி நேரம். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமலே போய்ச் சேர்ந்தோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அம்மாவுக்கு மதியத்துக்கு முன் முங்கி எழ வேண்டும். எனக்கோ சாயங்கால வெயில் வேண்டும். சரி, நாள் பூரா அங்கேயே இருந்துவிடலாம் என்று எலுமிச்சை சாதம், தயிர் சாதம், முறுக்கு, மாற்றுச் சேலை எல்லாம் எடுத்துப் போயிருந்தோம். அது விரிகுடா என்பதால் அலை பெரிதாக இல்லை. பயமில்லாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்று முழுக்குப் போட்டார் அம்மா. எள்ளும் தண்ணீரும் விடவில்லை. கை கூப்பிக் கொஞ்ச நேரம் நின்றார். அவ்வளவுதான்.

கரைக்கு வந்ததும்தான் இருக்கிறது சங்கடம். ஈரச்சேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் மணலில் ஆணும் பெண்ணும் அரைகுறை உடையில் படுத்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் எங்களைப் பார்க்கவே இல்லை. ஆனால் அம்மாவுக்கு அது ஒரு சமாதானமா? "மறைப்புப் பிடிக்கறதுக்கு நீ ஒருத்திதானே இருக்கறே" என்றார். மாற்றுச் சேலையை விரித்தேன். காற்று அதைப் பாய்மரம் மாதிரி தூக்கியது. இரண்டு கையால் நாலு பக்கத்தை எப்படிப் பிடிப்பது?

அப்போது வரிசையில் ஒரு பெட்டி திறந்திருந்தது. வெளிர் மஞ்சள் பெட்டி, நீலக் கதவு. படியில் எழுபது வயசுக்கு மேல் இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து கையைக் காட்டி, உள்ளே வாருங்கள் என்று ஜாடை செய்தார். நான் தயங்கினேன். அவரே மணலில் இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே காவல் மாதிரி நின்றுகொண்டார்.

அம்மா வெளியே வரப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கொசுவம் வைத்து, தலையைத் துவட்டி, முழுசாகக் கட்டிக்கொண்டு நிதானமாக வந்தார். ராமேஸ்வரத்தில் பாதி ஈரத்தோடு வந்த அந்த முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இன்று அமாவாசை, என் அப்பாவுக்காக அம்மா குளித்தார் என்று சொன்னேன். புரிந்ததோ இல்லையோ என்று நினைத்தேன். அவர் கடலைக் காட்டி, தன் வீட்டுக்காரரின் அஸ்தியையும் இந்தத் தண்ணீரில்தான் கரைத்ததாகச் சொன்னார். அந்தப் பெட்டி அவருடைய மாமியார் காலத்திலிருந்தே குடும்பத்தில் இருக்கிறதாம். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து முறுக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மாள் ஒன்றைக் கடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மூன்று மணி நேரம் என்னதான் பேசினார்களோ! நடுவில் இரண்டு பேரும் முட்டியைத் தேய்த்துக் காட்டிக்கொண்டார்கள். வலி எல்லா ஊரிலும் ஒரே வலிதான் போலிருக்கிறது.

உள்ளே படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "உள்ளே எடுத்துக்கொள், என்னை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரில் துணி மாட்ட வரிசையாகக் கொக்கி, மடக்கு நாற்காலி நாலு, ஒரு எனாமல் பேசின், பேரப்பிள்ளைகளின் மணல் வாளி, பிளாஸ்க், மூலையில் ஒரு துடைப்பம். ஒரு கொக்கியில் அம்மாவின் ஈரச்சேலை சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் எடுத்தேன்.

இனி போட்டோ விஷயம். என்னிடம் இருப்பது சாதாரண போன்தான், பெரிய கேமரா இல்லை. அங்கே போகிற சகோதரிகளுக்கு, அல்லது பிள்ளைகளைப் பார்க்க மெல்போர்ன் போகும் தாய்மார்களுக்கு உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன். உச்சி வேளையில் வெயில் தலைக்கு மேல் நிற்கும். வர்ணம் வெளிறிப் போகும். மூன்று மணிக்கு மேல் பெட்டிகளின் முகத்தில் வெயில் விழ ஆரம்பிக்கிறது. ஐந்து மணிக்குமேல்தான் நன்றாக இருக்கிறது. கோடையில் இரவு எட்டரை தாண்டித்தான் சூரியன் மறைகிறது என்பதால் அவசரமே வேண்டாம். ஏழு மணி வெயிலில் மஞ்சள் பெட்டி வெல்லப்பாகு நிறத்துக்கு வந்துவிடுகிறது. நேருக்கு நேர் நின்று ஒரு பெட்டியை மட்டும் எடுத்தால் போனைச் சாய்க்காமல் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பெட்டி குடித்தவன் மாதிரி நிற்கும். வரிசையைக் காட்ட வேண்டுமென்றால் தண்ணீர் ஓரமாகப் போய், பெட்டிகளைப் பக்கவாட்டில் பார்த்து எடுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னதாகிக்கொண்டே போகும். வடக்கே பார்த்து எடுத்தால் கடைசியில் மெல்போர்னின் உயரக் கட்டடங்களும் தூரத்தில் விழும். மணல் காற்று லென்ஸில் அப்பிவிடுகிறது. முந்தானையில் துடைக்காதீர்கள், மணலோடு சேர்த்துத் தேய்த்துவிடும். முதலில் வாயால் ஊதிவிட்டுத் துடையுங்கள்.

இன்னொன்று. கொடி வரைந்த பெட்டிக்கு முன்னால் எப்போதும் கூட்டம். நாலு பேர் நகர்ந்தால் எட்டுப் பேர் வருகிறார்கள். நம் ஊர் ஆட்கள் சிலர் பூட்டின பெட்டிகளின் மேல் தொற்றி ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதெல்லாம் அடுத்தவர் சொத்து. நம் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாதவன் ஏறி நின்று பல்லைக் காட்டினால் நாம் சும்மா இருப்போமா? கொடிப் பெட்டியை விட்டுவிட்டு வரிசையின் ஓரத்துக்குப் போனால் ஆளே இல்லை. பெயிண்ட் உரிந்த ஒரு பழைய பச்சைப் பெட்டி அங்கேதான் எனக்குக் கிடைத்தது. என் மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. படம் வரையும் நோட்டில் அதைப் பார்த்து மூன்று தடவை வரைந்துவிட்டாள்.

ஐந்து மணி சுமாருக்கு அந்த அம்மாள் பெட்டியைப் பூட்டுவதற்கு எழுந்தார். அதற்குச் சற்று முன்னால், படியில் அம்மா தனியாக, ஈரத்தலையை விரித்துப் போட்டுக் காயவைத்தபடி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னால் நீலக் கதவு, மஞ்சள் சுவர். வெயில் முகத்தில் நேராக அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பி, "தலையை விரிச்சுப் போட்டுட்டு இருக்கறப்பத்தான் எடுப்பியா? அழிச்சுப் போடு" என்றார். அப்பா போனதிலிருந்து அம்மா படத்துக்கே நிற்பதில்லை. கல்யாண வீட்டில்கூட கேமராவைக் கண்டால் சமையல்கட்டுக்குள் போய்விடுவார். "நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் அழிக்கறேன்" என்று போனைக் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் தெரியவில்லை, ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்ததும் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். ஸ்டுடியோ தம்பி அந்த நீலக் கதவையும் மஞ்சள் சுவரையும் உற்றுப் பார்த்துவிட்டு, "எந்த ஸ்டுடியோக்கா இது? பின்னாடி ஸ்கிரீன் சூப்பரா வரைஞ்சிருக்காங்க" என்றான். வீட்டில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் படத்தை வெகு நேரம் பார்த்தார். நான் அழிக்கச் சொல்வார் என்றுதான் காத்திருந்தேன்.

"இன்னொண்ணு போட்டு அந்தம்மாவுக்கு அனுப்பி வைக்க முடியுமா?" என்றார். விலாசம் வாங்கவில்லையே என்றேன். அதற்கென்ன, கதவு நிறத்தைச் சொன்னால் தபால்காரனுக்குத் தெரியாதா என்கிறார். தங்கையிடம் பேசியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடற்கரைக்குப் போய், நீலக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, கரூர்